சிவப்பு ஊசிக்கு மூன்றாம் இடம்

எல்லாவற்றையும் வரிசைப்படுத்தியே தீருவது என்று மேலிடம் முடிவெடுத்த வருடம் அது. பள்ளிக்கூடங்களை வரிசைப்படுத்தினார்கள், தெருக்களை வரிசைப்படுத்தினார்கள், தண்ணீர்க் குழாய்களைக்கூட விடவில்லை. பெரிய மருத்துவமனையின் மாடிப்படிக்கு இரண்டாம் இடம் கிடைத்து, சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று படியின் திருப்பத்தில் தொங்கியது. முதலிடம் வாங்கிய மாடிப்படி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஏறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கவே நேரம் சரியாக இருந்தது.

இப்படி ஆளாளுக்கு ஓர் இடம் பிடித்துக்கொண்டிருக்க, ரத்தசோகைக்குப் போடுகிற ஊசிமருந்துகள் மட்டும் எந்த இடமும் வாங்காமல் அலமாரியில் சும்மா கிடந்தது மேலிடத்தின் கண்ணை உறுத்திவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை சுற்றறிக்கை வந்தது.

"ரத்தசோகை என்னும் ஒரே நோய்க்கு மூன்று வெவ்வேறு ஊசிமருந்துகள் வழங்கப்பட்டு வருவது கவனத்துக்கு வந்துள்ளது. மேற்படி மூன்றையும் பாரபட்சமின்றி ஒப்பிட்டு, முதல், இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தும் பொருட்டு ஒப்பீட்டுக் குழு ஒன்று இதனால் அமைக்கப்படுகிறது. குழுவின் முடிவு வெளியாகும் வரை மூன்று மருந்துகளும் முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும். போட்டி நடக்கும்போது போட்டியாளர்களைப் புழக்கத்தில் விடுவது போட்டியின் மாண்புக்கு உகந்ததன்று. தனியார் கடைகளுக்கும் இது பொருந்தும்."

பெரிய மருத்துவமனையின் மருந்தாளுநர் இதை நின்றுகொண்டு ஒரு தடவை படித்தார். உட்கார்ந்து ஒரு தடவை படித்தார். தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தபோதும் அது அப்படியேதான் இருந்தது. பதினேழு வருடமாக அந்த மருந்துக் கிடங்கைக் கட்டி மேய்க்கிறவர் அவர். மூன்று ஊசியையும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். பழுப்பு ஊசி, உடம்பில் இரும்புச்சத்து இல்லாதவர்களுக்கு. சிவப்பு ஊசி, பி12 என்கிற வைட்டமின் சேராதவர்களுக்கு. குளிர்பெட்டியில் இருக்கிற ஊசி, சிறுநீரகம் தளர்ந்துபோய், 'ரத்தம் ஊறட்டும்' என்று உடம்புக்குச் சொல்ல ஆளில்லாதவர்களுக்கு. வீடு கட்டுகிற கணக்கில் சொன்னால், முதல் ஆளுக்குச் செங்கல் இல்லை, இரண்டாவது ஆளுக்குக் கொத்தனார் இல்லை, மூன்றாவது ஆளுக்கு 'கட்டு' என்று சொல்ல மேஸ்திரி இல்லை. கொத்தனார் வராத வீட்டில் லாரி லாரியாகச் செங்கல்லைக் கொட்டினால் சுவர் எழும்பாது.

அவர் அதை மூன்று தடவை படித்ததற்கு வேறு காரணமும் இருந்தது. இரண்டு தெரு தள்ளிப் பள்ளிச் சீருடை தைக்கிற அவருடைய அக்காவுக்கு மூன்று மாதமாக விரல் நுனியில் உணர்ச்சி இல்லை. ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டரம்மா, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆறு சிவப்பு ஊசி எழுதிக் கொடுத்திருந்தார். முதல் ஊசி புதன்கிழமை. சுற்றறிக்கை செவ்வாய்க்கிழமையே முந்திக்கொண்டது.

"டாக்டர், கொஞ்ச நாள் தள்ளிப் போட்டா என்ன ஆகும்?" என்று மருந்தாளுநர் அவரிடம் போய்க் கேட்டார்.

"சோகை எப்போ ஊசி போட்டாலும் சரியாயிடும். நரம்பு அப்படி இல்ல. அது காத்துக்கிட்டு இருக்காது. ரொம்ப நாள் விட்டீங்கன்னா, அப்புறம் எத்தனை ஊசி போட்டாலும் அந்த விரல் திரும்ப வராம போகலாம்."

மருந்தாளுநர் கிடங்குக்குத் திரும்பி வந்து, இரண்டு அலமாரிக்கும் குளிர்பெட்டிக்கும் அரக்கு முத்திரை வைத்தார். உத்தரவு அப்படி. அவருக்கு உத்தரவை மீறிப் பழக்கம் இல்லை.

ஒப்பீட்டுக் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. தலைவர் இதற்கு முன் தெருவிளக்குகளை வரிசைப்படுத்திப் பெயர் வாங்கியவர். எரியாத விளக்குகளுக்குத் தனிப் பிரிவு ஏற்படுத்தி அவற்றுக்கும் ஊக்கப்பரிசு வழங்கியவர். அவருக்குப் பக்கத்தில் வரிசைப்படுத்தல் ஆலோசகர். இளைஞர், ஒல்லி, சட்டையின் மடிப்பு கையைக் கிழிக்கும். பச்சைக் காய்ச்சாறு நிறைந்த கண்ணாடிப் புட்டி ஒன்று எப்போதும் அவர் கையில் இருந்தது. மெல்லுவது காலாவதியான பழக்கம் என்று அவரைப் போன்றவர்கள் கண்டுபிடித்து நாலு வருடம் ஆகிறது. மேசையின் கோடியில் டாக்டரம்மா, 'கருத்துக் கூறும் உரிமையற்ற சிறப்பு அழைப்பாளர்'. உறுப்பினர் செயலராக மருந்தாளுநர். கூட்டக் குறிப்பு எழுதுவதும் பிஸ்கட் தட்டை நகர்த்துவதும் அவர் பொறுப்பு.

டாக்டரம்மா உரிமை இல்லாமலே ஆரம்பித்தார். "சார், இது மூணும் வேற வேற குறைக்குப் போடற ஊசி. குடை, செருப்பு, மூக்குக்கண்ணாடி மூணுல எது நல்லதுன்னு கேட்டா என்ன பதில் சொல்ல முடியும்?"

"குடைதாம்மா," என்றார் தலைவர். "போன மார்ச்சுல அதுக்கும் ஒரு குழு போட்டோம்."

டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டார். அவருடைய மௌனத்தை 'ஆழ்ந்த உடன்பாடு' என்று குறிப்பில் எழுதும்படி தலைவர் சொன்னார்.

ஆலோசகர் திரையில் பன்னிரண்டு அளவுகோல்களைக் காட்டினார். பெட்டியின் தோற்றம், பெயரை உச்சரிக்கும் எளிமை, நிறத்தின் கம்பீரம், எதிர்காலத் தயார்நிலை என்று போய்க்கொண்டே இருந்தது. 'எதிர்காலத் தயார்நிலை' என்றால் என்ன என்று தலைவருக்குத் தெரியவில்லை. ஆகவே அதற்கு இரட்டை மதிப்பெண் என்று முடிவானது.

மருந்தாளுநர் பிஸ்கட் தட்டைப் பிடித்தபடியே மெல்லக் கேட்டார். "நோய் தீருதான்னு ஒரு அளவுகோல் சேர்த்துக்கலாமா சார்?"

ஆலோசகர் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அதைச் சேர்த்தா, அதது நோய்க்கு மூணுமே நூத்துக்கு நூறு வாங்கிடும். அப்புறம் வரிசை எப்படிங்க வரும்?"

மருந்தாளுநர் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ஆனா ஒண்ணு," என்றார் தலைவர். "ஒப்பீடுன்னா நியாயமா இருக்கணும். தெருவிளக்கை ஒரே தெருவுலதான் ஒப்பிட்டேன். ஆளுக்கு ஒரு ஊசின்னு வேற வேற நோயாளிக்குப் போட்டு ஒப்பிட்டா நாளைக்கு நாலு பேர் கேள்வி கேட்பான். மூணு ஊசியும் ஒரே நோயாளிக்குப் போடணும்."

"ஒரே நோயாளிக்கு மூணு குறையும் இருக்கணுமே சார்?"

"இருக்கிற ஆளைத் தேடுங்க. அதுக்குத்தானே செயலர்?"

மறுநாள் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. "பொது நோயாளி தேவை. இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு, சிறுநீரகத் தளர்ச்சி ஆகிய மூன்றும் ஒருங்கே பெற்றிருத்தல் வேண்டும். மூன்றும் சம அளவில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. முன் அனுபவம் விரும்பத்தக்கது. விண்ணப்பதாரர் நல்ல தேக ஆரோக்கியத்துடன் இருத்தல் அவசியம்."

நூற்றுப் பதினான்கு விண்ணப்பங்கள் வந்தன. அரசாங்க அறிவிப்பு என்றால் என்ன வேலை என்று பார்க்காமலே விண்ணப்பிக்கிறவர்கள் இருக்கும்வரை நாடு நன்றாகத்தான் இருக்கும். நேர்முகத் தேர்வு இரண்டு வாரம் நடந்தது.

"உங்ககிட்ட ரெண்டு குறைதான் இருக்குது," என்று ஒருவரிடம் தலைவர் கண்டிப்பாகச் சொன்னார்.

"மூணாவதை ஆறு மாசத்துல எப்படியாவது கொண்டுவந்துடறேன் சார். ஒரு வாய்ப்புக் குடுங்க," என்று அவர் கெஞ்சினார்.

வெள்ளரிப்பிஞ்சுபோல வெளுத்துப்போன ஒரு பெரியவருக்கு மூன்று குறையும் சம அளவில் இருந்தன. எல்லோருக்கும் சந்தோஷம். கடைசி நிபந்தனையில் அவர் விழுந்துவிட்டார். அவருடைய தேக ஆரோக்கியம் திருப்திகரமாக இல்லை.

இந்த இரண்டு வாரத்தில் மருந்தாளுநரின் அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. பள்ளி திறக்கிற நேரம், இருநூறு சட்டைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அவர் போய்ப் பார்த்தபோது அவள் ஒரு பொத்தானை எடுக்க முயன்றுகொண்டிருந்தாள். விரல் பொத்தானின் மேல்தான் இருந்தது. ஆனால் அது அங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. குனிந்து, கண்ணால் பார்த்துப் பார்த்து, நாலாவது தடவை எடுத்தாள்.

"உறை போட்டுக்கிட்டுத் தைக்கிற மாதிரி இருக்குடா," என்றாள். "ஏன்டா, அலமாரிச் சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"சாவி இருக்குக்கா. முத்திரை வச்சிருக்கே."

"முத்திரை எதுல வச்சிருக்கு? இரும்புலயா?"

"அரக்குல."

"அரக்குக்குப் பயப்படற ஒருத்தனைப் பார்த்து எனக்குத் தம்பியா பெத்துக் குடுத்திருக்காங்க பாரு!"

அவர் தலையைக் குனிந்துகொண்டு கீழே கிடந்த பொத்தான்களைப் பொறுக்கினார். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அன்று மாலை அலமாரிக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார். அரக்கின் மேல் நகத்தை வைத்தார். முத்திரை எண் பதிவேட்டில் தன் கையெழுத்து இருப்பது நினைவுக்கு வந்து நகத்தை எடுத்துவிட்டார்.

பொது நோயாளி கிடைக்காமல் போகவே ஆலோசகர் வேறு வழி சொன்னார். "நோயாளியை விட்டுடலாம் சார். முதல்ல ஆரோக்கியமானவங்க ரத்தம் எப்படி இருக்கும்னு ஒரு அடிப்படை அளவு எடுத்துக்கலாம். வெளியாளை நம்ப முடியாது. நாமளே குடுப்போம்."

குழுவினர் தியாக உணர்வோடு கையை நீட்டினார்கள். புகைப்படம் எடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் டாக்டரம்மா முடிவுகளைக் கொண்டுவந்தபோது, அவர் முகத்தில் அந்த மாதத்தின் முதல் சிரிப்பு இருந்தது.

"தலைவர் சாருக்கு இரும்புச்சத்து பாதிகூட இல்ல. சார், உட்காரும்போது ஏதாவது ரத்தம்..."

"கதவைச் சாத்துங்க," என்றார் தலைவர்.

"ஆலோசகருக்கு பி12 அடியோட இல்ல. சாறு மட்டுமே குடிச்சா அது எங்கிருந்து வரும்? காலு மரத்துப் போகுதா?"

ஆலோசகர் தன் பளபளக்கும் காலணிகளைப் பார்த்தார். "புது ஷூன்னாலதான் அப்படின்னு நினைச்சேன்," என்றார்.

ஒரு மாதம் அசையாத முத்திரை பத்து நிமிடத்தில் உடைந்தது. "குழு உறுப்பினர்கள் போட்டியாளர்களை நேரடியாக அனுபவித்து அறியும் பொருட்டு" என்று தலைவர் சொல்ல, மருந்தாளுநர் எழுதினார். தலைவருக்குப் பழுப்பு ஊசி, ஆலோசகருக்குச் சிவப்பு ஊசி. யாருக்கு எது என்பதில் அன்றைக்கு யாருக்கும் குழப்பம் வரவில்லை.

மருந்தாளுநர் கையைப் பிசைந்தார். "சார், அலமாரிதான் திறந்தாச்சே. எங்க அக்காவுக்கு அந்தச் சிவப்புல ஒண்ணு..."

"உங்க அக்கா குழுவுல உறுப்பினரா?"

"இல்ல சார். தையல்காரங்க."

"அப்போ பாரபட்சம் ஆயிடுமே!" என்று தலைவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அலமாரிக்குப் புது முத்திரை விழுந்தது.

ரத்தம் ஊறியதும் தலைவருக்கு வேகம் வந்துவிட்டது. மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். கோப்புகளைப் படிக்க ஆரம்பித்தார். அலுவலகமே பயந்தது. மூன்றே வாரத்தில் அறிக்கை தயார். முதலிடம், குளிர்பெட்டி ஊசி. பெட்டி அழகு, தனியாகக் குளிரூட்டப்பட்ட அறையில் வசிக்கும் அந்தஸ்து. இரண்டாம் இடம், கம்பீரமான நிறத்துக்காகப் பழுப்பு ஊசி. மூன்றாம் இடம், சிவப்பு ஊசி. குப்பி சின்னது, எதிர்காலத் தயார்நிலை பூஜ்யம்.

"உங்க காலைக் குணப்படுத்தினதே சிவப்புதானே சார்?" என்று மருந்தாளுநர் ஆலோசகரிடம் கேட்டார்.

"அது என் சொந்த அனுபவம். இது அறிவியல்," என்றார் ஆலோசகர், இரண்டு காலிலும் உறுதியாக நின்றபடி.

எப்படியோ, அறிக்கை வெளியானதும் முத்திரை உடைபட்டது. அதுபோதும் மருந்தாளுநருக்கு. தரவரிசைப் பலகையை வாசலில் ஆளுயரத்துக்கு மாட்டச் சொன்னார்கள், மாட்டினார். அன்று காலை ஊசி போடும் அறையின் வாசலில் எழுபது பேர் நின்றார்கள். முன்வரிசையில் அக்கா. இரண்டு மாதத்துக்கு அப்புறம் அவர் கையில் அந்தச் சிவப்புக் குப்பி. ஓடோடி வந்தார்.

அக்கா குப்பியைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"இது மூணாவதுல்ல?"

"அக்கா, உனக்கு இதுதான்."

"ஏன்டா, பதினேழு வருஷமா இங்க வேலை பார்க்கறே. கூடப்பிறந்தவளுக்குக் கடைசி மருந்தா? அந்த ஃபிரிஜ்ஜுல இருக்கறதை எடு."

"அது கிட்னி போனவங்களுக்குக்கா!"

"எனக்கு மட்டும் போகாதா? என்ன குறைஞ்சு போயிட்டேன் நான்?"

பின்னால் நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுதியிருந்தது பழுப்பு. "ரெண்டாவது மருந்தை யாருக்குய்யா தள்ளிவிடப் பாக்கறீங்க? நாங்களும் வரிசையிலதான நிக்கிறோம்?" என்றார். வரிசை முழுக்கச் சலசலத்தது. சிறுநீரகப் பிரிவுக்காரர்கள் நாலு பேர் மட்டும், பரம்பரைப் பணக்காரர்கள் மாதிரி, ஒதுங்கி நின்று புன்னகைத்தார்கள்.

"அக்கா, சொன்னாக் கேளு. உன் விரல் போயிடும்!"

"போனாப் போகட்டும். மூணாவதைப் போட்டுக்கிட்டு வந்தேன்னு தெருவுல நான் எப்படிச் சொல்லுவேன்?"

மருந்தாளுநர் கையிலிருந்த குப்பியைப் பார்த்தார். எத்தனை கூட்டம், எத்தனை பிஸ்கட், எத்தனை 'சரிங்க சார்'. எல்லாம் கடந்து குப்பி கைக்கு வந்தபோது கை வேண்டாம் என்கிறது. வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு ஒரு தந்திரம் தோன்றியது. குனிந்து அக்காவின் காதில் சொன்னார்.

"அந்தப் பலகை பொதுமக்களுக்குக்கா. அதை எழுதின ஆலோசகர் தனக்குப் போட்டுக்கிட்டது இந்தச் சிவப்பைத்தான். முத்திரையை உடைச்சு எடுத்துப் போட்டுக்கிட்டாரு. என் கண்ணால பார்த்தேன்."

அக்காவின் முகம் மலர்ந்தது. சட்டென்று கையை நீட்டினாள். ஊசி இறங்கியது. மருந்தாளுநர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் லாரி டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டார்.

"எனக்கும் அதிகாரி போட்டுக்கிட்ட ஊசியைக் குடு."

காதில் சொன்னது காதோடு நிற்கும் என்று அவர் நம்பியது பெரிய தப்பு. ஐந்து நிமிடத்தில் எழுபது பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. புன்னகைத்துக்கொண்டிருந்த நாலு பேரும் வரிசைக்குத் திரும்பி வந்து, தங்களை ஏமாற்றி முதலிடத்தைத் தலையில் கட்டிவிட்டதாகச் சத்தம் போட்டார்கள். டாக்டரம்மா வெளியே ஓடிவந்தார்.

"என்ன சொல்லித் தொலைச்சீங்க?"

"உண்மையைத்தான் டாக்டர். வேற என்ன செய்யன்னு தெரியல."

டாக்டரம்மா நாற்காலி மேல் ஏறி நின்று செங்கல், கொத்தனார், மேஸ்திரி எல்லாம் சொல்லிப் பார்த்தார். "நல்லாப் பேசறாங்க. ஆனா இவங்களும் அவங்க ஆளுதானே!" என்றது கூட்டம். கூச்சல் தலைவர் அறை வரைக்கும் போயிற்று. அவர் நல்ல ரத்தத்தோடு விறுவிறுவென்று இறங்கி வந்து, மக்கள் விரும்பும் ஊசியை மக்களுக்கே வழங்குமாறு அந்த இடத்திலேயே உத்தரவிட்டார். கைதட்டல் எழுந்தது. வேண்டாதவருக்குப் போட்டாலும் சிவப்பு ஊசி பெரிதாகக் கெடுதல் செய்யாது என்பது ஒன்றுதான் டாக்டரம்மாவுக்கு ஆறுதல். பழுப்பும் குளிர்பெட்டியும் சீந்துவாரின்றிக் கிடந்தன. அவை வேண்டியவர்கள் எல்லோரும், வேண்டாத ஊசியைப் போட்டுக்கொண்டு, திருப்தியாக, வெளுத்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

சேதி ஊருக்குள் பரவ, இரண்டு நாளில் கிடங்கில் சிவப்புக் குப்பி ஒன்றுகூட இல்லை. ஊர்க் கடைகளிலும் இல்லை. தேவையின் அடிப்படையில் தரவரிசை திருத்தப்பட்டது. பலகையில் சிவப்பு ஊசிக்கு முதலிடம்.

அக்காவின் இரண்டாவது ஊசிக்கான நாள் வந்தது. மருந்தாளுநர் கையை வீசிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். தைக்காத சட்டைகள் மிஷினைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. அக்காவைச் சுற்றித் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"மொத ஆளா போட்டுக்கிட்டது நான்தான்," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "பலகையில மூணாவதுன்னு போட்டிருந்தப்பவே எனக்குத் தெரியும்."

அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஊசி இல்லை. இன்னும் ஐந்து போட வேண்டும், ஒன்றுகூட எங்கேயும் இல்லை. அடுத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எல்லாம் தன்னால்தான். சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். உணர்ச்சியில்லாத விரல்களால் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? கிடைக்காம போச்சுன்னா அது எப்பேர்ப்பட்ட மருந்தா இருக்கணும்!" என்று சொல்லிவிட்டு, இதையும் தெருப் பெண்களிடம் சொல்வதற்காக உள்ளே போனாள்.